பேகத்துக்கு ஒரு பனியன்

தள்ளி உக்காருங்கண்ணே, தப்பா நெனைக்க மாட்டேன். மூக்கப் பொத்திக்கிட்டாலும் கோவிச்சுக்க மாட்டேன். ஜன்னல் பக்கம் நீங்க வாங்க, நான் இங்கிட்டு வந்துர்றேன். ஆங், இப்பச் செத்த காத்து வரும். எனக்கே தெரியுது, வாடை ஆளத் தூக்குது. தோல் ஷாப்புல வேலை பாக்குறவன் பக்கத்துல உக்காந்தா அப்படித்தான்.

குளிச்சுட்டு வந்திருக்கலாம்ல, அதத்தான கேக்குறீங்க? நியாயந்தான். ஆனா கேட்டுக்கங்க, நெதமும் வேலை விட்டா சந்தன சோப்புப் போட்டு மேலு தோலு உரியிற மாதிரி தேச்சுக் குளிக்கிறவன் நானு. அத்தரு வேற பூசுவேன். இன்னைக்குத்தான் சுண்ணாம்புத் தொட்டியில நின்ன காலோட அப்படியே பஸ் ஏறிட்டேன். ஏன்னு சொல்லணும்னா ஒரு பூனையப் பத்திச் சொல்லணும். சிரிக்காதீங்க. ஒரு பூனைதான்ணே என்னைய இந்த நெலமைக்குக் கொண்டாந்து விட்டுச்சு.

நீங்க எங்க எறங்கணும்? நத்தமா? அட, நானும் அங்கதான். புளி யாவாரமா? அதான பாத்தேன், சாக்கு அம்புட்டு மெத்துனு இருக்கு. எனக்கு அது மாமியார் ஊரு. என் சம்சாரம் நர்கீஸ் இப்ப அங்கனதான் இருக்கா, தலைப்பிரசவத்துக்கு. பள்ளிவாசத் தெருவுல நீலக் கதவு வச்ச வீடு. தெரியுமா! போச்சுடா. சரி, தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. நான் சொல்லுறத மட்டும் அந்தப் புளிச் சாக்குக்குள்ள போட்டுக் கட்டிருங்க. என் பேரு ஜெகபர் அலி. திண்டுக்கல்லு பேகம்பூருல குடியிருக்கேன்.

பூனைன்னா உங்க வீட்டு அடுப்படியில சுருண்டு கெடக்குமே, அந்தப் பூனை இல்ல. எங்க ஷாப்புல தோலப் பதம் பண்ண ஆவாரம்பட்டை அடுக்கி வச்சிருக்குற கிடங்கு இருக்குல்ல, அதுக்குள்ளயே பொறந்து, தோல்ல இருந்து சொரண்டிப் போடுற சவ்வத் தின்னு வளந்ததுக. மனுசன் நெழலு விழுந்தாலே சீறும். யார் கையும் பட்டதில்ல. சைனாச் சண்டை வந்துச்சே, அந்த வருசம் ஷாப்புக்கு ஆர்டரு கூடிப்போச்சு. மொதலாளி பழைய கிடங்கப் பிரிச்சுட்டுப் பெருசாக் கட்டுவோம்னு ஓட்ட எறக்கச் சொல்லிட்டாரு. ஓடு எறங்க எறங்க பூனைக அங்கிட்டும் இங்கிட்டும் தெறிச்சு ஓடுதுக. ரெண்டு மட்டும் தெகைச்சுப்போயி சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள விழுந்துருச்சுக. ஆளாளுக்குக் கம்பத் தூக்கிட்டாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம்ல? இருக்க மாட்டாம, கோணிய விரிச்சு ரெண்டையும் அமுக்கி, நல்ல தண்ணியில முக்கி எடுத்து, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். கடுவன் ஒண்ணு, பொட்டை ஒண்ணு. ரெண்டுக்கும் பாதம் வெந்து போயிருந்துச்சு.

ஏன் தூக்கிட்டுப் போனேன்? உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, எறங்கிப் போயிருவீங்க. நிக்காஹ் முடிஞ்சு அப்பவே ஒரு வருசம் ஓடிருச்சுண்ணே, நர்கீஸ் என்கிட்ட சேந்தாப்புல நாலு வார்த்தை பேசுனதில்ல. சோறு வைக்கவாம்பா. வெஞ்சனம் போதுமாம்பா. அம்புட்டுத்தான். சண்டைக்காரி இல்ல, தங்கமான புள்ள. ஆனா அவ மனசுல நான் இருக்கேனா இல்லையான்னு எனக்குப் பிடிபடவே இல்ல. அது தெரியாம ஒரு மனுசன் எப்படிண்ணே நிம்மதியாச் சோறு திம்பான்?

அதுல இன்னொண்ணும் இருக்கு. நிக்காஹ் அன்னைக்கு, பொண்ணு வீட்டுப் பொம்பளை ஒருத்தி, திரைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, தோல் ஷாப்பு மாப்பிள்ளை, புள்ள மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் குடும்பம் நடத்தணும்னு சொன்னா. கொல்லுனு ஒரு சிரிப்பு. என் காதுல விழுந்துருச்சு. அப்ப அவ காதுலயும் விழுந்திருக்கும்ல? அன்னையில இருந்துதான் இந்தக் குளியலு. பொறவாசல் கெணத்தடியில குளிச்சு, வேற துணி மாத்தி, அத்தரு பூசாம வீட்டுக்குள்ள காலு வைக்க மாட்டேன். அவ வேணும்னும் சொன்னதில்ல, வேணாம்னும் சொன்னதில்ல. கழட்டிப் போடுற துணிய எடுத்துத் தொவைச்சுருவா.

சரி, பகல் பூரா ஒத்தையில இருக்காளே, வீட்டுல ஒரு சீவன் இருந்தா மொகம் மலருமேன்னுதான் பூனைகளக் கொண்டு போனேன். மலர்ந்துச்சு. நல்லாவே மலர்ந்துச்சு. எனக்கு இல்ல, பூனைக்கு.

நத்தம் ஒண்ணு குடுங்க கண்டக்டரே. ஆமா, நானுந்தான் மூக்க வச்சிருக்கேன், எனக்கும் தெரியுது, நீங்க டிக்கெட்டக் கிழிங்க. பாத்தீங்களாண்ணே, மூஞ்சிய எப்படிச் சுளிக்கிறாருன்னு.

எங்க விட்டேன்? ஆங். கோணிய அவுக்கப் போனேன். அவுக்காதீங்கன்னு ஒரு அதட்டு. அந்த வீட்டுல அவ சத்தமாப் பேசுன மொத வார்த்தை அதான். கோணிய வாங்கி, பக்கத்துல இருக்குற வெறகு ரூம்புக்குள்ள கொண்டு போயி, ஜன்னலுக்குச் சாக்கு அடிச்சு, ஒரு தேக்குப் பெட்டியக் கவுத்துப் போட்டு, பழைய தாம்பாளத்துல ஆத்து மணலக் கொட்டி வச்சுட்டு, கோணி வாய மட்டும் லேசா நெகிழ்த்தி விட்டுட்டு வெளிய வந்து கதவச் சாத்துனா. என்னத்தடி பண்ணுறேன்னு கேட்டா, பெரிய வீட்டப் பாத்தா அதுக மெரண்டுருமாம், மொதல்ல சின்ன எடம்தான் வேணுமாம். அதுகளா வர்ற வரைக்கும் யாரும் கிட்டப் போகக் கூடாதாம். அவ அத்தா மாந்தோப்புக் குத்தகைக்கு எடுக்குறவரு, பழக் கிடங்குல எலிக்காகப் புடிச்சாந்த பூனைகளப் பழக்கிப் பழக்கி இவளுக்குக் கைவந்துருச்சு போல. எனக்கென்ன தெரியும், கட்டுன பெறகு இதத்தான அவ வாயில இருந்து கேக்குறேன்.

அதுல இருந்து என் வீட்டுல எனக்குச் சட்டம்ணே. செருப்பு சத்தம் கேக்கக் கூடாது. இருமக் கூடாது. ரேடியோவத் திருகக் கூடாது. பூனைய நேருக்கு நேரு மொறைச்சுப் பாக்கக் கூடாது, மொறைச்சா சண்டைக்கு வர்றோம்னு நெனச்சுக்கிருமாம். தப்பித்தவறிப் பாத்துட்டா, மெல்லக் கண்ண மூடித் தொறக்கணுமாம். என் பொண்டாட்டிய நான் அப்படிக் கண்ண மூடித் தொறந்து பாத்ததில்லண்ணே, பூனையப் பாக்கச் சொல்லுறா!

வாரம் திரும்பலண்ணே, கடுவன் ஓடிப்போச்சு. என்னாலதான். வெறகு எடுக்கலாம்னு கதவத் தொறந்தேன், காலுக்கு நடுவுல பூந்து, கெணத்து மேடையில தாவி, ஓட்டு மேல ஏறி, போனது போனதுதான். அன்னைக்கு நர்கீஸ் வச்ச மீன் கொழம்புல எனக்கு வாலுத் துண்டு. ஆத்தூர் கெண்டை, நானே போயி வாங்கியாந்தது. நடுத்துண்டு எங்கன்னு கேக்கல நானு. கேக்கவும் வேணாம், வெறகு ரூம்புல இருந்து முள்ளக் கடிக்கிற சத்தம் வருது.

மிச்சம் இருந்தது பொட்டை. அதுக்குப் பேரு வச்சா. என்ன பேரு தெரியுமா? பேகம். பேகமாம்! கட்டுன புருசன ஏங்கன்னு ஒத்தச் சொல்லுல கூப்புடுறவ, கிடங்குல பொறந்த கழுதைக்குப் பேகம்னு மகுடம் சூட்டுறா.

பேகத்துக்கு முன்னாடி போயி உக்கார மாட்டா. முதுகக் காட்டி உக்காந்துக்குவா. மடியில மொறத்த வச்சு அரிசி பொடைப்பா, இல்லாட்டி துணி தைப்பா. தட்ட ரெண்டு தட்டுத் தட்டி, மீன் தலையப் பின்னாடி வச்சுருவா, திரும்பிப் பாக்க மாட்டா. நெதம் அதே நேரம், அதே ஈயத் தட்டு. நாளாக நாளாகத் தட்டத் தன் பக்கம் கொஞ்சங் கொஞ்சமா நகத்துவா. அது பதுங்கிப் பதுங்கி வந்து தின்னுட்டு ஓடும். ஆனா அம்புட்டு நேரமும் பேசுவாண்ணே. என்ன பேச்சுங்குறீங்க! சாப்டியா, தூங்குனியா, காலு வலிக்குதா, மழை வருது பாரு, எங்க ஊருல இந்நேரம் மாம்பூ பூத்திருக்கும். குரலு பழகணுமாம் அதுக்கு. நான் சாத்துன கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். எனக்கும் அந்தக் குரலு பழகல, அத யாருகிட்டப் போயிச் சொல்ல?

பொறாமையான்னா கேக்குறீங்க? பின்னே? வயிறு பத்தி எரிஞ்சுச்சு. அது பாதத்துக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் கொழைச்சுத் தடவுறா, ஒரு குச்சியில பஞ்சச் சுத்தி, தூரத்துல இருந்தே, அது சீறச் சீற. என் கையையும் பாருங்க. இந்தா, வெரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்ன புண்ணு. ஒரு நாளு வேணும்னே அவ முன்னாடி நீட்டுனேன். எண்ணெய்க் கிண்ணம் மாடத்துல இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டா. பெறகு பாத்தா மாடத்துல எனக்குன்னு தனியா ஒரு கிண்ணத்துல மஞ்சள் கொழைச்சு வச்சிருந்துச்சு, அது இருக்கட்டும். தடவி விட்டாளா? இல்லையே. பூனைக்குத் தடவி விட்டால்ல?

இதக் கேளுங்க, இதுதான் என்னைய அறுத்துருச்சு. ஒரு நாளு நான் கெணத்தடியில நிக்கிறேன். வெறகு ரூம்புச் சன்னல் வழியா சத்தம் வருது. பேகம், எனக்குப் புள்ள உண்டாயிருக்குடி, உனக்கு முன்னாடி யாருகிட்டயும் சொல்லலங்குறா. கையில வாளியோட நிக்கிறேண்ணே நானு. என் புள்ள! எனக்கு முன்னாடி ஒரு பூனைக்குத் தெரியுது! சந்தோசப்படுறதா, அழுவுறதா? என்கிட்ட மறுநாளு சொன்னா, சோறு போட்டுக்கிட்டே, தரையப் பாத்துக்கிட்டே. நானும் அப்பத்தான் கேக்குற மாதிரி மாஷா அல்லான்னேன்.

சாணார்பட்டி வந்துருச்சா அதுக்குள்ள? டீ குடிக்கிறீங்களா? வேணாமா. நானும் எறங்கல, டீக்கடைக்காரரு தொரத்தி விட்டுருவாரு.

அப்ப நானும் ஒரு வீம்புல எறங்குனேன். இந்தப் பூனைய என் பக்கம் இழுத்து, இவளுக்கு வயித்தெரிச்சல் குடுக்கணும்னு. நல்லாச் சோப்புப் போட்டுக் குளிச்சு, அத்தரு பூசி, வெள்ளச் சட்டை போட்டு, கையில ஈரலத் தூக்கிட்டு முதுகக் காட்டி உக்காந்தேன். முதுகுலயே நகத்தப் போட்டு ஒரு இழு. சட்டை கிழிஞ்சு போச்சு. தெனமும் இதே கூத்து. அவ கிட்டப் போனா மோந்து பாக்குது, என்னையக் கண்டா பெட்டிக்குள்ள போயிப் பூந்துக்கிருது. சே, ஒரு பூனைக்குக் கூட நான் ஆகல பாருங்க.

பெறகு ஒரு நாளு கெணத்துக் கயிறு அந்துபோச்சு. குளிக்க வழியில்ல. மழை வேற. அந்த அழுக்கோட வாசப்படியிலயே குத்த வச்சு உக்காந்துட்டேன், உள்ள போகக் கூச்சம். அப்ப அந்தப் பேகம் வெறகு ரூம்பு வாசல்ல தலைய நீட்டுச்சு. மூக்கத் தூக்கித் தூக்கி மோந்துச்சு. அடியெடுத்து அடியெடுத்து வந்து, என் மடியில ஏறி, பனியன்ல மூஞ்சியத் தேச்சு, உருண்டு பெரண்டு, அங்கயே படுத்துக் கொர்ருங்குது. நான் அசையல. நர்கீஸ் அடுப்படி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. எனக்கா, ஏறுச்சுண்ணே கெத்து. எப்படிங்குற மாதிரி அவளப் பாத்தேன். அவ மொகம் செவந்து போச்சு. அதுக்கும் உங்க வாசந்தான் புடிக்குதுன்னா. சொல்லிட்டு விருட்டுனு உள்ள போயிட்டா.

வாசமாம்! ஊரே மூக்கப் பொத்துற வாடைய வாசங்குறா! சரி, பூனை மேல அம்புட்டுப் பிரியம், அதுக்குப் புடிச்சதெல்லாம் இவளுக்கு வாசமாப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். பட்டைக் கிடங்குல பொறந்த பூனைக்கு எங்க வாடைதான் தாய் வீடு. நான் அத்தரு பூசிக்கிட்டுப் போயி அதுக்கு முன்னாடி உக்காந்தா அது என்ன பண்ணும்?

மறுநாளு என் பனியனக் காணோம். தொவைக்கப் போட்ட அழுக்குப் பனியன். தேடுனா, தேக்குப் பெட்டிக்குள்ள பேகத்துக்கு மெத்தை. எனக்கு ஆத்திரம் பொங்கிருச்சு. நான் வீட்டுக்குள்ள வரணும்னா இந்த வாடையக் கழுவிட்டு வரணும், பூனை மட்டும் அதுல சொகமாப் படுத்துக்கலாமோன்னு கத்திட்டேன். அவ நிமுந்து என்னையப் பாத்தா. யாரு கழுவச் சொன்னாங்கற மாதிரி ஒரு பார்வை. அந்தப் பார்வையும் பூனைக்குப் பரிஞ்சுக்கிட்டுதான்னு நெனச்சேன், என் புத்திய என்ன சொல்ல.

ஆனா ஒண்ணு, அந்தப் பனியன வச்சுத்தான் பேகத்த வீட்டுக்குள்ளயே கொண்டாந்தா. வெறகு ரூம்புல இருந்த பனியன அடுப்படி வாசல்ல போடுவா. அது அங்க வந்து படுக்கும். பழகிருச்சுன்னா அடுத்து நடு வீட்டுல போடுவா. அங்கயும் வரும். ஒரு பக்கம் பழகாம அடுத்த பக்கம் காட்ட மாட்டா. அப்படியே வீடு பூரா அதோடதாப் போச்சு. சீறிக்கிட்டு வந்தது, அவ காலச் சுத்துது, தோள்ல ஏறுது. நான் வந்தா எந்திரிச்சுப் போகுது, சோப்பு வாசத்துக்கு.

ஏழாம் மாசம் மாமி வந்தாங்க, சர்புன்னிசா மாமி, நீங்க பாத்திருப்பீங்க, வெத்தலைப் பொட்டியோட இருப்பாங்க. கூட மச்சினன் முகமது பாரூக்கு. சோறாக்கிப் போட்டு, புள்ளையக் கூட்டிட்டுக் கெளம்புறாங்க. இவ என்ன பண்ணா, மூடி போட்ட மூங்கிக் கூடையில பேகத்த வச்சுக் கட்டிட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான்தான் அந்தக் கூடையச் சொமந்தேன், மாப்பிள்ளை! ஜன்னலோரம் உக்காந்தா, மடியில கூடை. ஒடம்பப் பாத்துக்கங்க, வேளைக்குச் சாப்டுங்க, ஒரு வார்த்தை? ம்ஹூம். வண்டி கெளம்பும்போது தலைய நீட்டி, ஏங்க, வெள்ளிக்கிழமை வரும்போது பனியன் ஒண்ணு கொண்டாங்க, தொவைக்காமக் கொண்டாங்க, பேகம் தூங்காதுன்னா. இதுக்கு மேல ஒரு மனுசன என்னண்ணே பண்ணணும்?

வெள்ளிக்கிழமை எங்க ஷாப்புக்கு லீவு. ஜும்மா தொழுதுட்டு, மாப்பிள்ளை மாதிரி அத்தரு பூசி, கக்கத்துல ஒரு அழுக்குப் பனியனப் பொட்டலங்கட்டி வச்சுக்கிட்டு இதே பஸ்ல வருவேன். எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்ல, பேறுகாலத்துக்கு வந்த புள்ளை, உள்ள பூராம் பொம்பளைக. மாப்பிள்ளை முன் ரூம்புல பாயில உக்காரணும். பலகாரம் வரும், சர்பத்து வரும், மாமனாரு மாங்கா வெலையப் பேசுவாரு. அவ தலையில முக்காடப் போட்டுக்கிட்டு உள்வாசல்ல மாமிக்குப் பின்னாடி வந்து நிப்பா. சாப்டீங்களாம்பா. பொட்டலத்த வாங்கிக்கிட்டு, போன வாரத்துப் பனியனக் குடுப்பா. அம்புட்டுத்தான் எங்க சந்திப்பு. பேகம் எப்படி இருக்குன்னு ரோசத்துல நான் கேக்குறதே இல்ல. ஒரே ஒரு தடவை கேட்டேன். தூங்குதுன்னா, தரையப் பாத்துக்கிட்டு. தூங்காம என்ன பண்ணும், ராசாத்தி!

ஒரு வாரம் வேணும்னே தொவைச்ச பனியனக் கொண்டு போனேன், வீம்புக்கு. செத்த நேரத்துல பாரூக்கு வெளிய கொண்டாந்து குடுத்துட்டான். இது வேணாமாம் மச்சான், போட்டிருக்குறதக் கழட்டித் தரச் சொல்லுறாங்கன்னான். வெறும் சட்டையோட ஊரு வந்து சேந்தேன். திரும்பி வர்ற பனியன மோந்து பாத்தா தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் வாசம். அடிப்பாவி, பூனைக்கு எண்ணெய் தேச்சுத் தலை வாரி விடுறியான்னு அன்னைக்குப் பூரா சோறு எறங்கல எனக்கு. பனியன்ல ஒத்தப் பூனை முடி கூட இல்ல. அம்புட்டுச் சுத்தமா வச்சிருக்காளேன்னு அதுக்கும் சேத்து எரிஞ்சேன்.

என்னண்ணே, ஒரு மாதிரியாப் பாக்குறீங்க? இருங்க, முடிக்கலையே நானு.

கோபால்பட்டி தாண்டியாச்சு. வெரசாச் சொல்லிர்றேன். எங்க ஷாப்புல கஸ்பார்னு ஒருத்தன், புதுக் கிடங்குக்கு அவந்தான் பொறுப்பு. வேதக்காரப் பய, வெள்ளந்தி. இன்னைக்குக் காலையில என்கிட்ட வந்து, ஏலே ஜெகபரு, உன் பூனைக்கு எத்தனை நாளைக்குத்தான் நானே சவ்வு போடுறது, நீயும் அப்பப்ப வந்து பாக்கக் கூடாதாங்குறான். எந்தப் பூனைன்னேன். நீ தெனமும் பொலம்புவியே, உன் வீட்டுப் பேகந்தான்லே, உன் சம்சாரம் ஊருக்குப் போன அன்னைக்குச் சாயந்தரமே இங்கன வந்துருச்சே, பொறாமையில நீதான் கொண்டாந்து வெரட்டிட்டேன்னு நெனச்சு நான் வாயத் தொறக்கலங்குறான்.

ஓடிப்போயிப் பாத்தேன். பட்டைக் கட்டு மேல உக்காந்திருக்கு. அதேதான். முன்னங்கால்ல முடி மொளைக்காத வெந்த தழும்பு. கழுத்துல அவ கட்டி விட்ட பச்சை நாடா, அழுக்கேறிப் போயி. பஸ்ஸு ஊரத் தாண்டுறதுக்குள்ள கூடைய நெம்பிக்கிட்டுக் குதிச்சிருக்கணும். குதிச்சு, நேரா தாய் வீட்டுக்கு வந்துருச்சு. என் மேல ஷாப்பு வாடை அடிச்சதுல மெரளாம வந்து காலு மேல படுத்துக்கிச்சு.

ரெண்டு மாசமாண்ணே! ரெண்டு மாசமா அது இங்கன சவ்வத் தின்னுக்கிட்டுக் கெடக்கு. நான் வாராவாரம் நத்தத்துக்குப் பனியன் சொமந்துக்கிட்டு இருக்கேன். பட்டைக் கட்டு மேலயே உக்காந்துட்டேன். அப்ப, தொவைச்சது வேணாம்னு திருப்பி விட்டது யாரு? அந்த எண்ணெய் வாசம் யாரு தலையில இருந்து வந்துச்சு?

சிரிங்க, நல்லாச் சிரிங்க. உங்களுக்கு முன்னாடியே வெளங்கிருச்சுல்ல? அதான் அப்படிப் பாத்தீங்க. நான் அவளோட இம்புட்டு நாளு குடித்தனம் பண்ணியும் எனக்கு வெளங்கல பாருங்க. பூனை மெரளாம இருக்க முதுகக் காட்டி உக்காரணும்னு தெரிஞ்சவ, என் முன்னாடியும் தரையப் பாத்துக்கிட்டே இருந்தா, நான் அதுக்கு வேற கணக்குப் போட்டுட்டேன். நான் பாட்டுக்கு அவளுக்குப் புடிச்சதச் சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சுக் கழுவிக்கிட்டு இருந்திருக்கேன்.

பூனை மேல இருந்த பொறாமை காலையிலயே போயிருச்சு. ஆனா சும்மா போகல, வேற ஒண்ண விட்டுட்டுப் போயிருக்கு. சொன்னா வெக்கம். இப்ப எனக்கு அந்தப் பனியன் மேல பொறாமையா இருக்குண்ணே. ரெண்டு மாசமா அவ தலைமாட்டுல கெடந்தது அதுதான? நான் முன் ரூம்புல உக்காந்து பலகாரத்தத் தின்னுட்டு மாங்கா வெலை கேட்டுட்டு வந்திருக்கேன்.

அதான் நாளைக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியல. மேஸ்திரிகிட்ட ஒரு சொல்லுச் சொல்லிட்டு, குளிக்காம, மாத்தாம, இப்படியே ஏறிட்டேன். பொட்டலமா? பொட்டலம் ஏதும் இல்லண்ணே. போட்டிருக்குறதுதான் பனியன். இன்னைக்குக் கழட்டிக் குடுக்குறதா இல்ல, ஆளே போறேன். மாமி மூக்கப் பொத்துனா பொத்தட்டும்.

பூனை கெடச்சதச் சொல்லுவேனாவா? மூச்சு விடுவேனா! சொன்னா அவளுக்கு வெக்கம் புடுங்கித் தின்னுரும், அடுத்த வாரத்துல இருந்து பனியனே கேக்க மாட்டா. நீங்களும் அந்தத் தெருப்பக்கம் போனா வாயத் தொறந்துராதீங்க. வண்டி ஸ்லோவாகுது, சாக்க நான் எறக்கித் தாரேன், நீங்க எறங்குங்க. உள்வாசல்ல அவ வந்து நிப்பால்ல, பேகம் எப்படி இருக்குன்னு நானாக் கேப்பேன் இன்னைக்கு. தூங்குதும்பா. தூங்கட்டும், எழுப்பாதன்னுட்டு அவ பக்கத்துல செத்த நேரம் நிப்பேன்.